மாவுக்கட்டு அவிழ்த்த பின்

அருப்புக்கோட்டைத் தறிக்குழியினின்று ஏறும்போதோ, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் வரப்பில் நடக்கும்போதோ கால் இடறியவர், ஸ்வபாவமாகவே உள்ளங்கையை ஊன்றி விழுவதால், மணிக்கட்டெலும்பு முறிவது சகஜம். ஏறக்குறைய ஆறு வாரங்களில் மாவுக்கட்டு அவிழ்ந்ததும் சிகிச்சை சம்பூர்ணமாயிற்றென்று எண்ணி, மறுவாரமே குடம் தூக்கிப் பின்பு வருந்துவோரைப் பலமுறை கண்டதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலாவது: கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், தோளையும் உயர்த்தி இறக்க வேண்டும்.

இரண்டாவது: எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து வைத்தியர் சொன்ன பின், இளஞ்சூட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் கையை வைத்திருந்து, மணிக்கட்டை மேலும் கீழும் பத்து முறை அசைக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னரே செய்க. வேறு நேரம் குறித்தவர் எவரும் நிலைத்து நான் கண்டதில்லை.

மூன்றாவதுதான் சிரமம்: கையைத் திருப்புதல். திருச்சுழிப் பூமிநாதர் சந்நிதியில் விபூதி வாங்கவும், சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவும், முன்கையின் ஆரையெலும்பு தன் அண்டையெலும்பைச் சுற்றிப் புரள வேண்டும். அது புரள மறுக்கையில், நோயாளி தம்மையறியாமலே முழங்கையை விலக்கித் தோளைச் சாய்த்து, கை திரும்பிவிட்டதாக மயங்குகிறார். ஆகையால் முழங்கையை மடித்து, விலாவுக்கும் அதற்கும் நடுவே மடித்த துண்டொன்றை இடுக்கிக்கொள்க. துண்டு விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது. கையில் ஒரு கரண்டியை நிமிர்த்திப் பிடித்து, மெல்ல இருபுறமும் சாய்த்து, எல்லையில் ஐந்து எண்ணும் வரை நிறுத்துக. எண்ணெய் போட்டு உருவுகிறேனென்று பிறர் பலவந்தமாக முறுக்க இடங்கொடுக்கலாகாது. மறுநாட் காலையிலும் வலி நீடித்தால், அன்று பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்; விரல்கள் வீங்கி மினுமினுத்து எரிந்தால், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்காவது: பாரம். வைத்தியர் அனுமதித்த பின், முதலில் காலிச் சொம்பு, பின்பு அரைச் சொம்பு நீர், பின்பு நிறைசொம்பு.

இப்பயிற்சிகளுக்காகப் பஸ்ஸேறிச் செல்ல இயலாதோருக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். உள்ளங்கையில் ஏந்திய ஒரு கை நீர் சிந்தாமல் நிற்கும் வரை, குடத்தை மட்டும் தொடாதீர்கள்.