மூளைக்குச் செல்லும் குழாய்கள்



நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ முடித்து, தண்டவாளங்களோடும் நிலையக் குடிநீர்க் குழாய்களோடும் காலம் கழித்து ஓய்வு பெற்ற இரயில்வே பொறியாளன். குழாய் அடைப்பைப் பற்றிப் பணியில் கற்றதையும், மூளையின் இரத்தக் குழாய்களைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கரமனையிலும் சாலையிலும் கோட்டைப் பகுதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் பலர் உள்ளனர். கடைக்கணக்கில் அவர்கள் தடுமாறினால், "வயசாயிட்டுல்லா" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது வயதின் வேலை மட்டுமன்று.

குழாயின் கணக்கு

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு பெரிய தமனிகள் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் அவை ஒரு வளையமாக இணைகின்றன. இதை 1664-இல் விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் 'வில்லிஸ் வளையம்' என்கிறார்கள். எங்கள் 'லூப் லைன்' போன்ற ஏற்பாடு இது. ஒரு வழி அடைபட்டால் மறுவழியில் வண்டியை விடலாம். ஆனால் இந்த வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை.

இரயில்வே குவார்ட்டர்ஸில் பழைய இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே உப்பும் துருவும் படிந்து துளை சுருங்கியிருக்கும். ஒரு மெல்லிய குழாயின் துளை முழு நீளத்துக்கும் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகக் குறையாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதைக் கண்டறிந்த பிரெஞ்சுக்காரர் புவாசேய் ஒரு மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. தமனியிலோ கொழுப்பும் சுண்ணாம்பும் சுவருக்குள்ளேயே படிகின்றன. தொடக்கத்தில் அடுத்துள்ள சிறு குழாய்கள் விரிந்துகொடுத்து ஈடுசெய்யும். அந்த இருப்பு தீரும்போதுதான் தொல்லை வெளியே தெரியும்.

அறிவு மங்குவது எப்படி?

சுருங்கிய இடத்திலிருந்து சிறு கட்டிகள் பிரிந்து போய் நுண்குழாய்களை அடைக்கலாம். கை கால் விழாமலேயே மூளையில் சிறுசிறு இடங்கள் அழியலாம். இதில் பெரும்பாலும் முதலில் மங்குவது நினைவு அன்று, வேகமும் திட்டமிடுதலும்தான். கரண்ட் பில் கட்டுவது, மாத்திரையை முறைப்படி எடுப்பது ஆகியவை குழம்பும். நடை தளரும். சிலருக்குப் படிப்படியாக இறங்கும். அல்ஸைமர் நோயும் இதுவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

அமெரிக்காவில் நான்கு பகுதிகளில் 1987-இல் தொடங்கிய 'ஆரிக்' ஆய்வில், மண்டையோட்டுக்குள் உள்ள தமனிகள் சுருங்கியவர்களிடம் அறிவுத் தேய்வு கூடுதலாகக் காணப்பட்டது. இந்தச் சுருக்கம் வெள்ளையரைவிட ஆசிய மக்களிடம் அதிகம்.

நம் ஊரில்

1980-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2009-இல் வெளியான திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டில், நகரிலும் கிராமத்திலுமாக ஆறு மாதத்தில் 541 பக்கவாதங்கள் பதிவாயின. நோயாளிகளின் நடு வயது 67.

இந்நிறுவனத்தினர் ஆடன்புரூக்ஸ் எனும் அறிவாற்றல் சோதனையை மலையாளத்துக்கு ஏற்ப அமைத்து 2004-இல் வெளியிட்டனர். நல்ல பணி. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்களில் சிலர் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். சிலருக்கு அது கடைத்தெரு மொழி மட்டுமே. தெரியாத மொழியில் சொல் கேட்டால் நல்ல மூளையும் மதிப்பெண் இழக்கும். எனவே மருத்துவரிடம், "அம்மாவுக்குத் தமிழ்தான் சரளம், இத்தனாம் வகுப்பு வரை படித்தவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். உடன் வாழ்பவர் ஒருவர் சென்று, ஆறு மாதத்துக்கு முன் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்பதைக் கூறுங்கள்.

செய்யத் தக்கவை

அடைப்பை நீக்கினால் நினைவு திரும்பும் என்று எண்ணிவிடக் கூடாது. மண்டைக்குள் உள்ள சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பதைவிட மருந்தும் கட்டுப்பாடுமே நல்லது என்று 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனவே வருமுன் காப்பதே வழி.

1. இரத்த அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். தலைசுற்றல் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தினால் லேசான அறிவுத் தேய்வு குறைகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு கண்டது.

2. சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் பரிசோதியுங்கள். புகையை விடுங்கள்.

3. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். அப்பளம், ஊறுகாய், வற்றல், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

4. காது மந்தமானால் கருவி வாங்கிக் கொடுங்கள். 2024-இல் லான்செட் குழு பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணங்களில் கேள்விக் குறைவும் தனிமையும் உண்டு.

5. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அது எச்சரிக்கைச் சிக்னல்.

பாதையைப் பராமரிப்பவன் விபத்து நடக்கும்வரை காத்திருப்பதில்லை. நாள்தோறும் நடந்து பார்க்கிறான். நம் பெரியவர்களையும் அவ்வாறே பார்த்துக்கொள்வோம். வரும் ஞாயிறன்று அவர்களுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பாருங்கள். கொஞ்ச நேரம் தமிழில் பேசிக்கொண்டும் இருங்கள்.