ஒலியால் திறக்கும் மருந்துப் பேழை

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்பவர்களுக்கு முடி உதிர்வதையும், குமட்டல் எடுப்பதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கட்டியை அழிக்கச் சென்ற மருந்து உடலெங்கும் பரவி நல்ல செல்களையும் தாக்குவதே இதற்குக் காரணம். மருந்தை வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய நேரத்தில் மட்டும் கொடுக்க இயலாதா?

இடத்திற்கு ஒரு வழி உண்டு. சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் நீண்டு இணைந்த பொருளே பாலிமர். நாம் அன்றாடம் காணும் பிளாஸ்டிக்கும் அவ்வகையே. பாலிலாக்டைடு போன்ற சில பாலிமர்கள் உடலிலுள்ள நீரால் மெல்லச் சிதைபவை. அவற்றினுள் மருந்தைப் பொதிந்து உடலில் வைத்தால், அது சிறிது சிறிதாக வெளிவரும்.

ஆனால் உள்ளே வைத்த மருந்தை, "இப்போது சற்று அதிகமாக வா" என்று எப்படி அழைப்பது? இங்கேதான் கேளா ஒலி துணைக்கு வருகிறது. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட இவ்வொலி நம் செவிக்கு எட்டாது. கருவிலுள்ள குழந்தையை மருத்துவர் திரையில் காண்பது இவ்வொலியால்தான்.

1989-ஆம் ஆண்டு ஜோசப் கோஸ்ட், காம் லியாங், ராபர்ட் லாங்கர் ஆகிய அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருந்து பொதிந்த பாலிமர்மீது கேளா ஒலியைச் செலுத்தியபோது, மருந்து வெளிவரும் வேகம் 20 மடங்கு வரை உயர்ந்தது. ஒலியை நிறுத்தியதும் வேகம் தணிந்தது. இதற்கு வெப்பம் முக்கிய காரணம் அன்று. ஒலியலைகள் நீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்குகின்றன. அவை உடையும்போது எழும் விசை பாலிமரைத் தாக்குகிறது.

2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மூனி குழுவினர், பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் கூழில் புற்றுநோய் மருந்தைப் பொதிந்தனர். இக்கூழைப் பிணைத்து நிற்பது கால்சியம். கேளா ஒலி அப்பிணைப்பைக் குலைக்க, மருந்து வெளிவருகிறது. ஒலி நின்றதும், சுற்றியுள்ள உடல்நீரின் கால்சியத்தால் பிணைப்பு மீண்டும் அமைகிறது! கதவு திறந்து, தானே மூடிக்கொள்வது போன்றது இது. நாள்தோறும் இவ்வாறு வெளிவிட்ட மருந்து, எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது.

இதிலும் அளவு வேண்டும். ஒலியின் வலிமை மிகுந்தால் தசை சூடேறிப் புண்படும். ஆகவே மருந்தை அளப்பதுபோல் ஒலியையும் அளக்க வேண்டும்.

புது மருந்து காண்பது பெரும் பணி. கண்ட மருந்தை நோயாளி துன்புறாமல் கொண்டு சேர்ப்பதும் அதற்கு இணையான பணியே. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கைகோர்த்தால்தான் அது கைகூடும். இவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் நாம் இதை மனத்தில் கொள்வோம்.