அழித்த படங்கள் எங்கே போகின்றன?

சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பார்த்துவிட்டு, பள்ளி மாணவர்கள் பேருந்தில் கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனின் கைபேசியிலுள்ள மெமரி கார்டில் அன்று எடுத்த படங்கள் யாவும் உள்ளன. சென்ற ஆண்டு மறைந்த அவனுடைய பாட்டி சொன்ன கதை ஒன்றும் அவர் குரலிலேயே அதில் பதிவாகியுள்ளது. வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. கடைசிப் படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்து கைபேசி அணைந்துவிடுகிறது.

வீட்டிற்கு வந்து சார்ஜ் ஏற்றிப் பார்த்தால், “கார்டு பழுதாகியுள்ளது. ஃபார்மட் செய்யவா?” என்று திரை கேட்கிறது. பழுது பார்க்கும் கடைக்காரரும், “ஃபார்மட் பண்ணினா சரியாயிடும் தம்பி” என்கிறார்.

அவர் சொல்வது உண்மைதான். ஆனால், சரியாவது கார்டு மட்டுமே! பாட்டியின் குரல் என்னவாகும்? இதற்கு விடை காண, கார்டுக்குள் செய்தி எவ்வாறு தங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நகத்தளவு நூலகம்

கைபேசியில் செருகும் மைக்ரோ எஸ்.டி. கார்டு 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. இதனுள் இருப்பது ‘ஃபிளாஷ்’ நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் இதனை 1984இல் உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் பாயாத சுவர்களுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறை வைப்பதே இதன் தத்துவம். மின்னிணைப்பை நீக்கினாலும் அவை எளிதில் வெளியேற முடியாது. ஆகவே எழுதியது எழுதியபடியே நிற்கிறது.

கார்டின் இடம் முழுவதும் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 32 ஜி.பி. கார்டில் ஓர் அறை பெரும்பாலும் 32 கிலோபைட் அளவுடையது. அத்தகைய அறைகள் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும். 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்திற்கு 96 அறைகள் தேவைப்படும். இவை எப்போதும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படியானால் எந்த அறைக்குப் பின் எந்த அறை என்று கைபேசிக்கு எப்படித் தெரிகிறது?

அறைகளின் அந்தாதி

ஒரு பாடல் எந்தச் சொல்லில் முடிகிறதோ அதிலேயே அடுத்த பாடல் தொடங்குவது அந்தாதி என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கடலூர் மாவட்டத்துத் திருநாரையூரில் பிறந்த நம்பியாண்டார் நம்பி பாடிய ‘திருத்தொண்டர் திருவந்தாதி’ இவ்வகையைச் சேர்ந்தது. கார்டிலும் ஓர் அந்தாதி உண்டு. அதன் பெயர் ‘ஃபேட்’ அட்டவணை. ‘7ஆம் அறைக்குப் பின் 8, 8க்குப் பின் 12, 12உடன் முடிவு’ என்று ஒவ்வோர் அறையும் அடுத்த அறையைச் சுட்டும் குறிப்புகள் அதில் இருக்கும். கோப்பின் பெயர், அளவு, முதல் அறையின் எண் ஆகியவை வேறொரு பட்டியலில் இருக்கும்.

ஒரு படத்தை நீங்கள் ‘அழிக்கும்’போது நடப்பது என்ன? பட்டியலில் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படுகிறது. அட்டவணையில் அந்த அறைகள் ‘காலி’ என்று குறிக்கப்படுகின்றன. அறைகளுக்குள் இருக்கும் படத்தை உடனே யாரும் தொடுவதில்லை! வேறொரு கோப்பு அங்கே குடிவரும்வரை அது அப்படியே கிடக்கலாம்.

நம் மாணவனின் கார்டில் நடந்தது வேறு. அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. அட்டவணை பாதியில் சிதைந்தது. வழி தெரியாத கைபேசி, நூலகமே இல்லை என்று சாதிக்கிறது. புத்தகங்களோ அலமாரியில்தான் இருக்கின்றன.

ஏட்டைப் படித்தே அறிதல்

முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில் (985–1014) சிதம்பரம் கோயிலின் அறை ஒன்றில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன என்றும், மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர் என்றும் மரபு கூறுகிறது. கயிறு அறுந்து சிதறிய ஏடுகளை எப்படி அடையாளம் காண்பது? பட்டியல் இல்லாவிட்டால், ஏட்டையே படித்துப் பார்த்து இது இன்ன பாடல் என்று அறிய வேண்டியதுதான்.

கணிப்பொறியும் இதையே செய்கிறது. கார்டில் உள்ளவை யாவும் எண்களே. ‘ஜேபெக்’ வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற எண்களோடு தொடங்கி, 255, 217 என்று முடியும். பி.டி.எஃப். கோப்பு 37, 80, 68, 70 என்று தொடங்கும். ஒலிக்கோப்புகளுக்கும் இத்தகைய அடையாளங்கள் உண்டு. அட்டவணையை நம்பாமல் முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை இவற்றைத் தேடிப் பிடித்தால், கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. இவ்வாறு மீண்ட கோப்புகளுக்குப் பழைய பெயர்கள் இருக்கமாட்டா. வெறும் எண்களே பெயராக அமையும்.

மீட்கும் முறை

1. உடனே கைபேசியை அணைத்துக் கார்டை வெளியே எடுங்கள். புதிதாக எடுக்கும் ஒவ்வொரு படமும் பழையதன் மேல் எழுதப்படலாம்.

2. கார்டு ரீடரின் மூலம் கணிப்பொறியில் இணையுங்கள். அதுவும் “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கலாம். ‘வேண்டாம்’ என்றே விடையளியுங்கள்.

3. கார்டு முழுவதையும், காலி என்று குறிக்கப்பட்ட அறைகள் உட்பட, ஒரே கோப்பாகக் கணிப்பொறியில் நகல் எடுங்கள். இதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. நலிந்த கார்டு எந்த நேரத்திலும் முற்றிலும் நின்றுபோகலாம் என்பதால் இதுவே முதல் வேலை.

4. இனி எல்லாச் சோதனைகளையும் நகலின் மேல் செய்யுங்கள். ‘ஃபேட்’ முறையில் அட்டவணைக்குப் பெரும்பாலும் இரண்டு படிகள் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவலாம். இரண்டும் பயன்படாவிட்டால் அடையாள எண்களைத் தேடுங்கள்.

5. மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காமல் வேறிடத்தில் சேமியுங்கள்.

மீட்க முடியாதவை

இம்முறைக்கும் எல்லை உண்டு. மேலே வேறொன்று எழுதப்பட்ட அறை திரும்பக் கிடைக்காது. தள்ளித் தள்ளியுள்ள அறைகளில் சிதறிய படம் பாதி மட்டுமே தெரியலாம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சில கைபேசிகளில் கார்டைக் கைபேசியின் சொந்த நினைவகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அப்போது செய்திகள் மறைகுறியாக எழுதப்படும். அந்தக் கைபேசியின் உதவியின்றிக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்க இயலாது.

உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஒரு நூலைப் பதிப்பிக்க அவர் ஒரே ஏட்டுச் சுவடியோடு நின்றதில்லை. ஊர் ஊராகச் சென்று பல பிரதிகளைத் தேடினார். ஒன்றில் சிதைந்த அடி மற்றொன்றில் முழுமையாக இருக்கும். ஒரு படி மட்டும் இருப்பது எப்போதும் ஆபத்தே. சுவடிக்கும் கார்டுக்கும் இது பொது விதி.

செய்து பாருங்கள்

தாளில் 16 கட்டங்கள் வரைந்து எண்ணிடுங்கள். 3, 7, 8, 12 ஆகிய கட்டங்களில் ஒரு குறளின் சொற்களைப் பிரித்து எழுதுங்கள். மற்றக் கட்டங்களில் வேறு குறள்களின் சொற்களை எழுதுங்கள். வரிசை எண்களைச் சொல்லாமல் தாளை நண்பரிடம் கொடுங்கள். குறளை அவர் மீட்கிறாரா? எப்படி மீட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் கடைக்கு வருவோம். நம் மாணவன் இப்போது என்ன சொல்ல வேண்டும்? “ஃபார்மட் வேண்டாம் அண்ணே, கார்டைக் கழற்றிக் கொடுங்க. முதல்ல ஒரு நகல் எடுக்கணும்.”