விரல் நுனியில் ஒரு விளக்கு

இரவில் டார்ச் விளக்கின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். உள்ளே ரத்தம் ஓடுகிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு.

நாம் இழுக்கும் மூச்சில் பிராணவாயு இருக்கிறது. அது நுரையீரலில் ரத்தத்தோடு கலக்கிறது. பிறகு ரத்தக் குழாய்கள் வழியே உடல் முழுதும் போகிறது. விரலில் உள்ள குழாய்கள் மிகவும் சிறியவை. சில குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. பிராணவாயு நிறைந்த ரத்தம் நல்ல சிவப்பாக இருக்கும். பிராணவாயு குறைந்தால் ரத்தம் கருஞ்சிவப்பாகிவிடும்.

இந்த நிறத்தை ஒளியால் அளக்கலாம். விரலில் ஊசி குத்த வேண்டாம். ஜப்பான் நாட்டுப் பொறியாளர் தகுவோ ஆவோயாகி 1974-இல் இதற்கு வழி கண்டார். அப்படி வந்த கருவிதான் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

துணி உலர்த்தும் கிளிப்பைப் போல இது விரலைக் கவ்வும். ஒரு பக்கம் ஒளி விழும். மறுபக்கம் எவ்வளவு ஒளி வந்தது என்று கருவி பார்க்கும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரலில் ரத்தம் கூடும். அப்போது ஒளி சற்றுக் குறையும். இதை வைத்து நாடித் துடிப்பையும் கருவி சொல்லிவிடும்.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியது. சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியவில்லை. எழுந்து நடந்தார்கள். நன்றாகப் பேசினார்கள். ஆனால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே போனது. அதனால் வீட்டில் தங்கிய நோயாளிகளுக்கு டெல்லி அரசு இந்தக் கருவியைக் கொடுத்தது. எண் 94 அல்லது அதற்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எண் கூடட்டும் என்று பலர் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிப்பார்கள். அது தவறு. ஆழமாக மூச்சு இழுத்தால் சில விநாடிகளில் விரலின் சிறு குழாய்கள் சுருங்கும். விரலுக்கு வரும் ரத்தம் சற்று நேரம் குறையும். கை குளிர்ந்திருந்தாலும் இப்படித்தான். ரத்தம் குறைந்தால் கருவி சரியாக அளக்க முடியாது.

ஆகவே முதலில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட வேண்டும். மூச்சு எப்போதும் போல வரட்டும். கையை ஆட்டக் கூடாது. எண் மாறாமல் நிற்கும் வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தோல் கருப்பாக இருந்தால், கருவி சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. எண் 96 என்று இருக்கலாம். ஆனாலும் மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.