மார்பு வலி என்றதும் டாக்டர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். மார்பு வலி என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, சிகரெட் உண்டா, அப்பாவுக்கு இருந்ததா’ என்று ஒரே மாதிரி கேட்கிறார்கள். இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன?
- வாசகர் ஒருவர், புதுச்சேரி

பதில்: அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் நடந்த ஓர் ஆய்விலிருந்து. அதற்கு முன், வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் பல ஆண்டுகள் உயர் ரத்த அழுத்தத்தோடு இருந்து, 1945-ல் மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். மாரடைப்புக்கும் காரணம் தெரியாமலே இருந்தது.

1948-ல் தொடங்கிய ஃபிராமிங்ஹாம் ஆய்வில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. யாருக்காவது மாரடைப்பு வந்தால், அதற்கு முன் அவர் உடலில் என்ன இருந்தது என்று பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் ஆபத்தை முன்கூட்டியே காட்டுகின்றன என்று 1961-ல் வில்லியம் கேனல் குழு எழுதியது. பிறகு சிகரெட்டும் சர்க்கரை நோயும் பட்டியலில் சேர்ந்தன.

கேள்வி: ‘80 சதவீதம் அடைப்பு’ என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: தற்செயலாக. 1958-ல் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் நோயாளி ஒருவரின் மகாதமனியில் எக்ஸ்-ரே படத்துக்கான சாயம் செலுத்தினார். குழாய் நழுவி, சாயம் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்க்குள்ளேயே பாய்ந்துவிட்டது. இதயம் நின்றது, உயிர் போய்விடும் என்று அஞ்சினார்கள். நோயாளி இருமினார், இதயம் மீண்டும் துடித்தது. இதயக் குழாய்களைப் படம்பிடிக்கும் இன்றைய ஆஞ்சியோகிராம் பிறந்தது அப்படித்தான். அந்தப் படத்தில் பொதுவாகக் குழாயின் விட்டத்தில் 70 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தால் தீவிர அடைப்பு. இடப்பக்க முதன்மைக் குழாயில் என்றால் 50 சதவீதமே ஆபத்து.

கேள்வி: ஃபிராமிங்ஹாமில் கண்ட அமெரிக்கக்காரர் கணக்கு நமக்குப் பொருந்துமா?

பதில்: கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் இதைச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொந்தி, மன அழுத்தம், காய் பழம் உண்ணாமை, உடற்பயிற்சி இல்லாமை, மது அருந்தும் விதம் ஆகிய ஒன்பதுமே மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்தை விளக்கிவிடுகின்றன. எல்லா நாட்டுக்கும் இது பொருந்தியது. சிகரெட், சர்க்கரை, பிரஷர் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால், எதுவும் இல்லாதவரைவிட ஆபத்து சுமார் 13 மடங்கு.

நம் பக்கத்தில் வேறுபடுவது வயது. முதல் மாரடைப்பு தெற்காசியருக்குச் சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. மாரடைப்பு வராத தெற்காசியரில்கூட தினமும் காய், பழம் உண்பவர் 100-க்கு 27 பேர்தான். மற்ற நாடுகளில் 45 பேர்.

புதுச்சேரிக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய எண் இன்னொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இடம் நம்முடையது. நெடுநாள் சர்க்கரை, குழாயின் உள்சுவரைக் கெடுத்துப் பல இடங்களில் அடைப்பை வளர்க்கிறது. நரம்பு மரத்துப்போவதால் சிலருக்கு வலியே தெரியாது. மூட்டை தூக்கும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயதையும் அப்பாவின் நோயையும் நம்மால் மாற்ற முடியாது. மேலே சொன்ன ஒன்பதையும் மாற்ற முடியும். நோய் வரும்வரை காத்திராமல் சுகரும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள், சிகரெட்டை விடுங்கள். விற்கும் காயில் ஒரு பங்கு தினமும் உங்கள் வீட்டுக்கும் போகட்டும். டாக்டர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் முடிவெடுப்பது நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான்.