ஆளறிதலும் உரிமையளித்தலும்

நமது பழைய மாணவர் சங்கம் தன் உறுப்பினர் இடாப்பை ஓர் இணையச் செயலியாக அமைக்கத் தீர்மானித்திருப்பதை அன்பர்கள் பலரும் அறிவர். கொழும்பு, இலண்டன், தொறொன்ரோ, மெல்பேண் எனப் பரந்து வாழும் நம்மவர் தத்தம் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் தாமே திருத்திக்கொள்ளவும், வகுப்புத் தோழரைத் தேடிக் காணவும் அது வழிசெய்யும். செயலியை ஆக்கும் பொறுப்பை இளைய மாணவர் சிலர் ஏற்றனர். திரையில் தோன்றும் சொற்களைத் தமிழில் அமைத்துத் தரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. தமிழாசிரியனுக்குக் கணினியோடு என்ன வழக்கு என வினவுவார் உளராயின், இக்கட்டுரையை இறுதிவரை படித்தபின் அவர் தீர்ப்புக் கூறுவாராக.

அவ்விளைஞர் என்னிடம் தந்த சொற்பட்டியலில், ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும் இரு சொற்கள் இருந்தன. இரண்டுக்கும் நேராக 'அனுமதி' என்றே ஒருவர் எழுதியிருந்தார். அவை ஒன்றல்ல. வந்தவர் யார் என அறிதல் ஒன்று. அவர் இன்னது செய்யலாம் என உரிமை கொடுத்தல் மற்றொன்று. முன்னையதை ஆளறிதல் என்றும் பின்னையதை உரிமையளித்தல் என்றும் ஈண்டு வழங்குவேன். இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதனால் விளையும் கேடு சொல்லளவில் நிற்பதன்று. நம் இடாப்பில் இருப்பவை மனிதரின் முகவரிகள். இந்நாட்டின் கடந்தகால நிலைமைகளால் ஊர்விட்டுப் பெயர்ந்து, தம் இருப்பிடத்தை எல்லோரும் அறிதலாகாது என எண்ணி வாழ்வோரும் நம்முள் உளர். வாயிற்காப்பு வழுவினால் வருந்துவோர் அவர்களே.

ஆளறிதலின் பழைய வழி கடவுச்சொல். பயனர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் வழங்கும் வழக்கம், 1960களின் தொடக்கத்திலே, அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாற்றோ என்பார் தலைமையில் அமைந்த காலப்பகிர்வுக் கணினியில் வேரூன்றியது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தமையால், ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்க இவ்வேற்பாடு வேண்டியதாயிற்று. ஆயின், கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரு கோப்பில் எழுதியவாறே இருந்தன. 1962 இல் ஆய்வு மாணவர் ஒருவர், தமக்கு ஒதுக்கப்பெற்ற நேரம் போதாமையால், அக்கோப்பையே அச்சிட்டுப் பெற்றுப் பிறர் பெயரால் கணினியைப் பயன்படுத்தினார். 1966 இல் நிகழ்ந்தது இதனினும் வேடிக்கை. ஒருவர் வரவேற்புச் செய்தியையும் வேறொருவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்த, அவை இரண்டும் இடம் மாறிப்போயின. அதன்பின் கணினியில் நுழைந்தோர்க்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையிலே தோன்றின!

கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைத்தல் தகாது என்பதனை அறிஞர் விரைவில் உணர்ந்தனர். அப்பத்தாண்டிலேயே கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் றோயர் நீடம் என்பார் ஒருவழிச் சார்பைக் கையாண்டார். இடித்த மாவிலிருந்து அரிசியை மீளப் பெறல் இயலாதவாறுபோல, அச்சார்பினால் மாற்றிய சொல்லிலிருந்து மூலச்சொல்லை மீளப் பெறல் அரிது. பயனர் சொல்லைத் தரும்போதெல்லாம் அதனை மீண்டும் மாற்றி, வைத்திருப்பதோடு ஒப்புநோக்கினால் போதும். ஆயினும், ஒரே சொல்லைத் தெரிந்த இருவர்க்கு ஒரே விளைவே கிட்டும். வழக்கமான சொற்களை முன்கூட்டியே மாற்றிப் பட்டியலிட்டு வைத்திருக்கும் கள்வனுக்கு அது வாய்ப்பாகும். எனவே, ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறான எண்ணொன்றைச் சேர்த்து மாற்றும் முறையினை 1979 இல் றொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் இருவரும் எழுதி வெளியிட்டனர். அச்சேர்க்கைக்கு 'உப்பு' என்று பெயர். உப்பின்றி வைத்திருந்த கடவுச்சொற்கள் என்னாகும் என்பதற்கு 2012 ஆம் ஆண்டு நிகழ்வே சான்று. லிங்க்டின் தளத்தினின்று களவாடப்பெற்ற மாற்றுருக்கள் ஏறக்குறைய 65 இலட்சம் அவ்வாண்டில் வெளியாயின. உப்பிடப்படாமையால் அவற்றுட் பெரும்பகுதி விரைவில் உடைக்கப்பட்டது. மாணவர் ஒன்றை நினைவிற் கொள்க: 'கடவுச்சொல்லை மறந்தேன்' என்றவுடன் உங்கள் பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம் எதுவாயினும், அது அச்சொல்லை மீட்கத்தக்க வடிவில் வைத்திருக்கின்றது, அதனை நம்பற்க.

இத்துணைத் தொல்லை எற்றுக்கு, கடவுச்சொற்களை நாம் வைத்திராமலே வந்தவரை அறியலாமோ என்னும் வினா இயல்பாக எழும். அறியலாம். 'கூகிள் வழியாக நுழைக' என்னும் பொத்தானின் பொருள் அதுவே. வேறொரு பாடசாலையிலிருந்து நம் கல்லூரிக்கு ஒரு மாணவன் வருகின்றான். அவனை நாம் முன்பின் அறியோம். அவன் கொணரும் விடுகைப் பத்திரத்தை அதிபர் வாங்கி, ஒப்பத்தையும் முத்திரையையும் திகதியையும் நோக்கி, இவன் இன்னான் எனக் கொள்கின்றார். அவனைச் சோதித்து அறிந்தது முன்னைய பாடசாலை. நாம் அதன் சாட்சியத்தை ஏற்கின்றோம்.

இம்முறை உருவான வரலாறு அறியத்தக்கது. 2000களிற் சில தளங்கள், பயனரின் நண்பர் முகவரிகளைத் திரட்டும்பொருட்டு, அவருடைய மின்னஞ்சற் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கின. பூ ஆய வந்தவனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுப்பது போன்றது அது. அதனைத் தவிர்க்கவே 2007 இல் ஓஆத் என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. அதன் இரண்டாம் வடிவம் 2012 ஒக்ரோபரில் வெளியாயிற்று. அதன்படி கடவுச்சொல் கைமாறுவதில்லை. 'இச்செயலி என் முகவரிகளை மட்டும் பார்க்கலாம்' என்று பயனர் இசைய, செயலிக்கு ஓர் உரிமை வில்லை வழங்கப்படும். இதன் நோக்கத்தைக் கூர்ந்து பார்க்க: இஃது உரிமையளித்தற்கென ஆக்கப்பட்டது, ஆளறிதற்கென ஆக்கப்பட்டதன்று.

ஆயினும், செயலியாக்குநர் பலர் இவ்வில்லையையே ஆளறியும் சான்றாகக் கொண்டனர். 'வில்லையைக் காட்டினேன், கூகிள் இன்னார் பெயரைச் சொல்லிற்று; ஆகவே வந்தவர் இன்னாரே' என்பது அவர் கருத்து. இதன் வழு யாது? அனுமன் கொணர்ந்த கணையாழியை நினைக்க. கணையாழி இராமனுடையது என்பதனைச் சீதை அறிவாள். ஆனால் அதனைக் கையில் வைத்திருப்பவன் எவ்வாறு பெற்றான் என்பதனைக் கணையாழி தானே சொல்லாது. உரிமை வில்லையும் அத்தன்மையதே, கையிலிருப்பவனுக்குப் பயன்படும். ஒருவர் பொழுதுபோக்காகச் சோதிடம் கூறும் செயலியொன்றிற் கூகிள் வழியாக நுழைகின்றார் என்க. அச்செயலியை நடத்துபவன் தீயவனாயின், தனக்குக் கிடைத்த அவருடைய வில்லையை நம் செயலியிடம் கொணர்ந்து நீட்டுவான். நம் செயலி அதனைக் கூகிளிடம் காட்டும். கூகிளும் உண்மையையே கூறும், 'இஃது இன்னாருடைய வில்லை' என்று. சோதிடக்காரன் அவராக நம் இடாப்பினுள் நுழைந்துவிடுவான். கூகிள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட வினா பிழை.

இக்குறையை நீக்க 2014 பெப்ரவரியில் ஓப்பின் ஐடி கனெக்ற் என்னும் மேல்நெறிமுறை வெளியிடப்பட்டது. இதன்படி உரிமை வில்லையோடு அடையாளச் சான்று ஒன்றும் வரும். அது நடைபெறும் முறை இது. பயனர் பொத்தானை அழுத்தியதும், நம் செயலி எவராலும் ஊகிக்கவியலாத ஓர் எழுந்தமான எண்ணை ஆக்கி, அதனோடு உலாவியைக் கூகிளிடம் அனுப்பும். கடவுச்சொல் அங்கேயே, கூகிளின் பக்கத்திலேயே, கொடுக்கப்படும். நாம் அதனைக் காண்பதில்லை. பின்னர் உலாவி, ஒருமுறை மட்டும் பயன்படும் குறுங்காலக் குறியீடு ஒன்றோடும் அந்த எண்ணோடும் நம்மிடம் மீளும். நாம் அனுப்பிய எண்ணே மீண்டதா என்று முதற்கண் பார்த்தல் வேண்டும். இல்லையேல் வேறொருவன் தொடங்கிய நுழைவை நம் பயனர் தலையிற் கட்டிவிடக்கூடும். அதன்பின் நம் வழங்கி, உலாவியை இடையே வையாது, கூகிளோடு நேரே பேசி, தன் மறைச்சொல்லையும் அக்குறியீட்டையும் கொடுத்து அடையாளச் சான்றைப் பெறும்.

பெற்றதும் திறந்து பார்த்தல் வேண்டும். பாண்டியன் அவையில் நேர்ந்தது இதுவன்றோ! கோவலன் கைச் சிலம்பு யாருடையது என்பதற்குரிய சான்று அச்சிலம்பினுள்ளேயே இருந்தது. உள்ளிருப்பவை முத்தோ மாணிக்கமோ என்று நோக்குவார் இன்மையால், பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. நம் செயலி நோக்க வேண்டியவை சில. கையொப்பம் கூகிளுடையதா, வழங்கியவர் பெயர் சரியா, காலம் கடந்துவிட்டதா என்பவற்றை இக்காலத்து நிரற்றொகுதிகள் தாமே பார்த்துவிடும். ஆதலின் அவற்றை விரிக்கவில்லை. சான்று யாருக்கு எழுதப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. கூகிளிற் பதிவுசெய்யும்போது நம் செயலிக்கென ஓர் இலக்கம் தரப்படும். சான்றில் அந்த இலக்கமே இருத்தல் வேண்டும். சோதிடக்காரனுக்கு எழுதப்பட்ட சான்றில் அவனுடைய இலக்கமே இருக்கும். அத்தகைய கடிதம் வாயிலிலேயே திருப்பப்படும். மேலே கூறிய தீங்கு இந்த ஓர் ஒப்புநோக்கினால் ஒழிகின்றது. இத்துணைச் சிறிய செயலை விட்டுவிடுவோர் இன்றும் உளர் என்பதே வியப்பு.

இன்னொன்று. வந்தவரை எதனைக்கொண்டு நம் இடாப்பிற் பதிவது? மின்னஞ்சல் முகவரியே போதும் என்று நம் இளைஞர் எண்ணினர். ஒரே வகுப்பில் இரு சிவராசாக்கள் இருந்தமையை அறிந்தோர் நாம்; அதனாலன்றோ கல்லூரி ஒவ்வொருவர்க்கும் ஒரு சேர்விலக்கம் கொடுக்கின்றது. மின்னஞ்சல் முகவரி மாறும். தொழில் நிறுவனத்து முகவரி வேறொருவர்க்குக் கைமாறவும் கூடும். கூகிளின் சான்றில் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத இலக்கம் ஒன்று உண்டு. அது மற்றொருவர்க்கு மீள வழங்கப்படுவதில்லை. வழங்கியவர் பெயரையும் அவ்விலக்கத்தையும் இணைத்துப் பதிதலே முறை. 2020 இல் அப்பிள் நிறுவனத்தின் நுழைவு முறையில், எந்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்டாலும் அம்முகவரிக்குரிய சான்றைக் கையொப்பத்தோடு கொடுத்துவிடும் பிழை காணப்பட்டது. கண்டறிந்தவர்க்கு அந்நிறுவனம் நூறாயிரம் டொலர் பரிசளித்துப் பிழையைத் திருத்திற்று. முகவரி ஒன்றையே நம்பியிருந்த செயலிகள் அதுவரை திறந்த வீடுகளே.

இனி, நம் சங்கத்துக்கு உரிய வினாவுக்கு வருவோம். இவ்வளவும் செவ்வனே செய்து முடித்தாலும் நாம் அறிவது யாது? 'நேற்று வந்த கூகிள் கணக்கினரே இன்றும் வந்தார்' என்பது ஒன்றே. அவர் நம் கல்லூரியிற் படித்தவரா என்பதனைக் கூகிள் அறியாது. கணக்குத் திறக்கும்போது எப்பெயரையும் எவரும் இட்டுக்கொள்ளலாம். மறைந்த நம் தோழர் ஒருவரின் பெயரையும் படத்தையும் இட்டு ஒருவன் வரலாம். எனவே, புதிதாக நுழைபவர் முதலில் வருகையாளர் மட்டுமே. அவர் தம் பெயரையும் கற்ற ஆண்டுகளையும் சேர்விலக்கத்தையும் எழுத, செயலாளர் அவற்றைக் கல்லூரியின் சேர்விடாப்போடு ஒப்புநோக்கி, அவ்வாண்டு வகுப்பினர் ஒருவரை வினவித் தெளிந்தபின்னரே முகவரிகளைக் காணும் உரிமையை வழங்குதல் வேண்டும். சேர்விலக்கம் விடுகைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்படுவது. அதனைத் தெரிந்தமை ஒன்றே படித்தவர் என்பதற்குச் சான்றாகாது. இப்பணி கையாற் செய்யப்பட வேண்டியது, மெதுவானது. ஒரு பொத்தானில் முடியவேண்டிய செயலைச் செயலாளர் மேசைக்குக் கொணர்வதோ என்று இளைஞர் சலித்துக்கொண்டனர். சலிக்கட்டும், ஆளறிதலை நாம் இரவல் பெறலாம், உரிமையளித்தலை இரவல் பெறல் இயலாது. அன்றியும், உரிமை பெற்றவர்க்கும் எல்லாம் திறந்திருக்க வேண்டுவதில்லை. தம் தொலைபேசி இலக்கம் தம் வகுப்பார்க்கு மட்டுமே தெரியட்டும் என்று ஒருவர் குறித்தால், செயலி அதற்கு அடங்குதல் வேண்டும். கூகிளிடம் நாம் வேண்டுவதும் பெயர், மின்னஞ்சல் என்ற அளவோடு நிற்றல் வேண்டும். நண்பர் பட்டியலைக் கேட்பது நமக்குத் தேவையற்றது.

பிறருடைய சாட்சியத்தை மட்டும் நம்பியிருத்தலிலும் இடர் உண்டு. மொசில்லா நிறுவனம் 2011 இல் தொடங்கிய பேர்சோனா என்னும் நுழைவு முறை 2016 நவம்பரில் மூடப்பட்டது. அதனைச் சார்ந்திருந்த தளங்கள் வேறு வழி தேடின. 2018 செப்ரெம்பரிற் பேஸ்புக்கின் நுழைவு வில்லைகள் களவுபோயின. ஏறக்குறைய 3 கோடிப் பேருடையவை எனப் பின்னர்த் தெரியவந்தது. ஆதலின், ஓர் உறுப்பினர் இரண்டு வாயில்களைப் பதிந்து வைத்திருக்க நம் செயலி இடங்கொடுக்கும். இரண்டாவது வாயிலைச் சேர்க்கும்போது, முதல் வாயிலால் நுழைந்த நிலையிலேயே சேர்த்தல் வேண்டும். மின்னஞ்சல் ஒத்திருக்கின்றது என்று தானாகவே இணைத்துவிடலாகாது.

எந்தக் கணக்கும் இல்லாத முதியோரை மறக்கலாகாது. அவர்க்கென மூன்றாவது வழி ஒன்று வைக்கச் சொன்னேன். செயலாளர் உறுதிசெய்த மின்னஞ்சலுக்கு, பதினைந்து நிமிடம் மட்டும் செல்லுபடியாகி ஒருமுறையோடு அழியும் இணைப்பொன்று அனுப்பப்படும். பேரப்பிள்ளையின் தொலைபேசியிலும் அதனைத் திறக்கலாம். தொடர்பு நிலையத்துக் கணினியிலோ பிறர் கணினியிலோ கூகிள் வழியாக நுழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் செயலியில் 'வெளியேறுக' என்பதனை அழுத்துதல் நம் செயலியை விட்டு வெளியேறுதலே. கூகிளை விட்டு வெளியேறியதாகாது. அடுத்து அமர்பவர் அதே பொத்தானை அழுத்தினால் கதவு மீண்டும் திறக்கும். இதற்கென வெளியேறும் திரையிலே, 'இது பொதுக் கணினியாயின் கூகிளிலிருந்தும் வெளியேறுக' என்னும் வரியைப் பெரிய எழுத்தில் அமைத்திருக்கின்றோம். அந்த வரி என்னுடையது.