எண்ணுக்குள் ஒரு தேதி

கும்பகோணம் சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து பணம் கைமாறும் தை, மாசியில் "அனுப்பிட்டேன் சார், நம்பர் பாத்துக்குங்க" என்ற செய்திகள் குவியும். யூபிஐ தரும் அந்த 12 இலக்க எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5034 என்று தொடங்கினால் 2025 பிப்ரவரி 3. சீட்டில் வேறு தேதி இருந்தால் உடனே கேட்டுவிடலாம்.

ஆனால் இதை நம்பி வரிசைப்படுத்தாதீர்கள். பிரபவ, விபவ ஆண்டுகள் 60-இல் திரும்புவதுபோல் இது பத்திலேயே திரும்பிவிடும். 2029-இன் கடைசி நாள் 9365, மறுநாள் 0001! போதாக்குறைக்கு எக்செல் முன்னால் உள்ள சுழியை விழுங்கிவிடும்; அந்தப் பத்தியை எழுத்தாகவே வையுங்கள். ஆர்டிஜிஎஸ்ஸின் 22 எழுத்து எண் இதைவிட ஒழுங்கு. முதல் நான்கெழுத்து அனுப்பும் வங்கி (1904-இல் இங்கே கும்பகோணம் வங்கியாகத் தொடங்கிய சிட்டி யூனியன் என்றால் சி.ஐ.யூ.பி.), இன்னும் இரண்டு எழுத்து தள்ளி ஆண்டு, மாதம், நாள் முழுசாக எட்டு இலக்கம்.

நம் தரவுத்தளத்துக்கு? களத்துமேட்டில் சிக்னல் இருக்காது. லோடு ஏற்றும்போதே போன் தானாக எண் போட்டாக வேண்டும்; இரண்டு போன்கள் ஒரே எண்ணைப் போடவும் கூடாது. 2024-இல் ஆர்எஃப்சி 9562 தரப்படுத்திய யூயூஐடி ஏழாம் பதிப்பு இதற்குப் போதும். முதல் 48 பிட் 1970 முதல் ஓடிய மில்லி விநாடிகள். மீதி பெரும்பாலும் தற்செயல் பிட்டுகள். நான்காம் பதிப்பில் ஏறக்குறைய எல்லாமே தற்செயல் என்பதால் புதுப் பதிவுகள் இன்டெக்ஸ் முழுக்கச் சிதறும். இதில் கடைசியில் போய்ச் சேரும். பதினாறடிமான வடிவில், இடைக்கோடுகளை விட்டு எண்ணி, 13-ஆவது எழுத்து 7 என்றால் இந்த வகைதான். போஸ்ட்கிரெஸ் 18 இதை உருவாக்கவும் செய்யும், நேரத்தைப் பிரித்தும் தரும்.

பிரித்த நேரம் யூடிசி. விடியற்காலை நான்கு மணி லோடு முந்தைய நாளில் விழும். ஐந்தரை மணி நேரம் கூட்டித்தான் அறிக்கை எடுக்க வேண்டும். போன் கடிகாரமே தப்பாக ஓடலாம், அதனால் சர்வருக்கு வந்த நேரத்தைத் தனிப் பத்தியில் பதிகிறேன். விவசாயி கையில் தரும் ரசீதில் மட்டும் ஆலையின் பழைய வரிசை எண்தான். யூயூஐடியின் 36 எழுத்தைப் போனில் யார் வாசித்துச் சொல்வது?